கூலியும் கொள்கையும்

“அயலானை நம்பாதே!” நூம்பலில் வரலாற்றுப் பாடம் நடத்துகையில் நாம் அடிக்கடி கேட்கும் குரல் இது. அயலானை நம்பியவர் கெட்டாரா, நம்பப்பட்ட அயலான் கெட்டானா?

அலெக்சாந்தரின் எழுத்தராயிருந்து படைத்தலைவனானவன் யூமெனஸ். கிரேக்கன், மக்கெதோனியன் அல்லன். வெற்றி தந்தவரை வெள்ளிக் கேடயப் படையினர் அவன் பின் நின்றனர். கி.மு. 316-இல் அவர்தம் மனைவி மக்களும் தேடிய பொருளும் பகைவனிடம் சிக்கின. அவற்றை மீட்கத் தலைவனையே விலையாகக் கொடுத்தனர்!

மதுரைக்கு வருவோம். கம்பெனிச் சிப்பாய்களின் தளபதியாய் உயர்ந்த யூசுப்கான், 1763-இல் அந்தக் கம்பெனியையே எதிர்த்தான். முற்றுகை நீண்டது, கோட்டைக்குள் பசி புகுந்தது. 1764 அக்டோபரில், பிரெஞ்சுக்காரன் மார்ச்சந்தும் உள்நாட்டார் சிலரும் கூடி அவனைப் பிடித்துக் கொடுத்தனர். அக்டோபர் 15-இல் தூக்கு!

காட்டிக் கொடுத்தோரில் அயலானும் இருந்தான், நம்மவனும் இருந்தான். பிறப்பா காரணம்? அன்று! கூலியும் வெற்றியும் போட்ட முடிச்சு, இழப்பும் பசியும் வந்ததும் அவிழ்ந்தது. பட்டினி கிடந்த சிப்பாயை நாம் பழிக்கவில்லை. எதற்காகச் சாகிறோம் என்பதை அவன் அறிந்திருந்தானா என்றே கேட்கிறோம்.

தோழர்களே! தலைவனின் பிறப்பைக் கேளாதீர், கொள்கையைக் கேளுங்கள். அது உங்களுடையதுமா என்று கேளுங்கள்!