பிடியரிசியின் கணக்கு

மிசோரமில் உலை வைக்கப் போகும் பெண், அந்த வேளைக்கு அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை அள்ளித் தனிப் பாத்திரத்தில் போடுகிறாள். காலையும் மாலையும் சோறு என்பதால் நாளுக்கு இரண்டு பிடி. சபைப் பெண்கள் வீடு வீடாகப் போய் அதைச் சேகரிக்கிறார்கள். விற்ற பணம் ஊழியத்துக்குப் போகிறது. ‘புஹ்ஃபாய் தாம்’ என்று பெயர். நம் தென்மாவட்டத்துச் சபைகளில் பிடியரிசிக் காணிக்கை என்பார்களே, அதேதான்.

முதல் மிஷனரிகள் அந்த மலைக்கு வந்தது 1894இல். பிடியரிசி தொடங்கியது 1910இல். பதினாறே ஆண்டுகள். இன்று பிரஸ்பைட்டேரியன் சபைக்கு அதிலிருந்து ஆண்டுதோறும் வருவது கோடிக்கணக்கான ரூபாய்.

ஏன் அரிசி? காசு அன்று பெண் கையில் இல்லை. மிசோ மரபு வழக்கில் சொத்து மகனுக்கு, பெரும்பாலும் கடைசி மகனுக்கு. அவள் கை வழியே தினமும் போன ஒரே செல்வம் பானைக்குள் விழும் அரிசிதான். புருஷனிடம் கேட்டுக் கொடுக்க வேண்டியதில்லை என்பது அதன் சுதந்திரம். குறைந்த அந்தப் பிடி யார் தட்டில் குறைந்தது? சபைக் கணக்கில் அதற்குப் பத்தியில்லை.

தொடங்கிய மறு ஆண்டே மூங்கில் பூத்தது. எலிகள் பெருகி விளைச்சலைத் தின்றன. 1911-12இன் பஞ்சத்தை மிசோக்கள் ‘மௌதாம்’ என்கிறார்கள். அந்த நாளில் எடுத்து வைக்கும் ஒரு பிடியும் நல்ல விளைச்சல் நாளின் ஒரு பிடியும் தராசில் ஒன்று, வீட்டில் ஒன்றல்ல.

காணிக்கைப் பிரசங்கம் என்றால் ஏழை விதவையின் இரண்டு காசு வராமல் இராது. மாற்கு 12ஆம் அதிகாரம், 41ஆம் வசனத்திலிருந்து வாசிப்பார்கள். அதற்கு முந்தைய வசனத்தில்தான் விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கும் வேதபாரகரை இயேசு கண்டிக்கிறார். அடுத்த அதிகாரத்தின் தொடக்கத்திலோ, அவள் காசு போட்ட ஆலயமே கல்லின்மேல் கல் இராமல் இடியும் என்கிறார். 1982இல் அடிசன் ரைட் என்ற விவிலிய அறிஞர் இதைச் சுட்டி, இயேசு அங்கே பாராட்டுகிறாரா, புலம்புகிறாரா என்று கேட்டார். வாசிப்பை ஒரு வசனம் முன்னதாகத் தொடங்கினாலே போதும், அந்தக் கேள்வி எழுந்துவிடும்.

ஆனாலும் மிசோப் பெண்களை ஏமாந்தவர்கள் என்று எழுத எனக்கு மனமில்லை. பெண்ணின் அறிவு ஊர் நீரூற்றைத் தாண்டாது என்று பழமொழி வைத்திருந்த சமூகம் அது. அரிசி சேகரிக்கும் சாக்கில் அவர்கள் தெருத்தெருவாக நடந்தார்கள், கணக்கு வைத்தார்கள், கூடிப் பேசினார்கள். ‘கோஹ்ரான் ஹ்மெய்ச்சியா’ என்னும் அவர்களுடைய மாதர் சங்கம் இன்று அந்த மாநிலத்தின் பெரிய பெண்கள் அமைப்புகளில் ஒன்று.

அவர்கள் அரிசி நீரூற்றைத் தாண்டி, மலையைத் தாண்டி, வேறு மாநிலங்களின் ஊழியத்துக்கும் போனது. அந்தப் பணத்தைப் பங்கிடும் கூட்டங்களில் பெரும்பாலும் ஆண்களே உட்கார்ந்தார்கள். திருவிருந்து மேசைக்குப் பின்னால் நிற்கும் போதக அபிஷேகம் அந்தப் பிரஸ்பைட்டேரியன் சபையில் பெண்களுக்குக் கிடைக்காமலே, பிடியரிசிக்கு நூறு வயது கடந்தது.