நள்ளிரவு நண்பன் உவமை

நள்ளிரவு நண்பன் உவமை என்பது இறைவேண்டல் பற்றி இயேசு தம் சீடருக்குக் கூறிய உவமானக் கதையாகும். இது விவிலியத்தின் புதிய ஏற்பாட்டில் லூக்கா 11:5-8 இல் மட்டுமே காணப்படுகிறது. கடவுளைத் துணிவோடும் மனந்தளராமலும் அணுகுவது பற்றிய கிறித்தவப் போதனையில், லூக்கா 18:1-8 இல் உள்ள கைம்பெண்ணும் நேர்மையற்ற நடுவரும் உவமையோடு இதுவும் சேர்த்து எடுத்தாளப்படுகிறது.

உவமை

ஒருவரின் வீட்டிற்குப் பயணத்திலிருந்து நண்பர் ஒருவர் வந்து சேர்கிறார். அவருக்குக் கொடுக்க வீட்டில் உணவில்லை. ஆகவே வீட்டுக்காரர் நள்ளிரவில் இன்னொரு நண்பரிடம் சென்று மூன்று அப்பங்களைக் கடனாகக் கேட்கிறார். கதவு பூட்டியாயிற்று, பிள்ளைகளும் படுத்துவிட்டனர், எழுந்து தர இயலாது என்று உள்ளிருப்பவர் மறுக்கக்கூடும். ஆயினும் நட்பின் பொருட்டு எழாவிட்டாலும், கேட்பவரின் 'அனாய்தெயா' பொருட்டாவது எழுந்து தருவார் என்கிறார் இயேசு.

அனாய்தெயா என்னும் சொல்

இக்கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் இங்கு ஒருமுறை மட்டுமே வருகிறது. இதனை விடாமுயற்சி என்று கொள்வது நெடுங்கால மரபாகும். ஆனால் பழைய கிரேக்க நூல்களில் இதன் பொருள் வெட்கமின்மை என்பதே. கிளைன் சுனோடுகிராசு 1997 இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இதனை வலியுறுத்தினார். கென்னத் பெய்லி 1976 இல் வெளிவந்த நூலில், விருந்தோம்பலில் தவறினால் நேரும் மானக்கேட்டுக்கு அஞ்சியே உறங்குபவர் எழுகிறார் என விளக்கினார். கதையில் அந்நண்பர் ஒருமுறைதான் கேட்கிறார் என்பது பலரும் கவனியாத செய்தி. தட்டுதல் பற்றிய பேச்சு கதைக்குப் பின் வரும் 9 ஆம் வசனத்திலேயே உள்ளது. எனவே இவ்வுவமை துணிவையும், கைம்பெண்ணின் உவமை விடாமுயற்சியையும் முதன்மைப்படுத்துவதாகக் கொள்வதே பொருத்தமாகும்.

விளக்கம்

உறங்கும் நண்பர் கடவுளுக்கு ஒப்பானவர் அல்லர். மனமில்லாத மனிதரே தருவாரெனில், கடவுள் எவ்வளவோ மிகுதியாகத் தருவார் என்பதே இதன் வாதம். 11 முதல் 13 வரையான வசனங்களில், பிள்ளை மீன் கேட்டால் பாம்பைக் கொடுக்காத தந்தையின் எடுத்துக்காட்டும் இவ்வகையைச் சேர்ந்ததே.

கேட்டதெல்லாம் அப்படியே கிடைக்கும் என்று இதற்குப் பொருள் கொள்வாரும் உளர். மத்தேயு 7:11 இல் தந்தை நன்மையானவற்றைத் தருவார் என்றிருக்க, லூக்கா 11:13 இல் தூய ஆவியைத் தருவார் என்றுள்ளது. மேலும் தம்மை வருத்திய 'முள்' நீங்குமாறு மும்முறை வேண்டியும் அது நீக்கப்படவில்லை என்று பவுல் 2 கொரிந்தியர் 12 இல் எழுதியுள்ளார்.