உடற்பருமனும் மார்பகப் புற்றுநோயும்: வரலாறு

உடற்பருமனுக்கும் மார்பகப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை மருத்துவ உலகம் உணர்ந்துகொள்ள ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆயின. 1896இல் ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் ஜார்ஜ் பீட்சன், மார்பகப் புற்றுநோய் முற்றிய பெண்ணின் சூலகங்களை அகற்றியபோது கட்டி சுருங்கியதைப் பதிவு செய்தார். ஈஸ்ட்ரோஜன் என்னும் இயக்குநீர் அன்று கண்டறியப்படவே இல்லை. சூலகத்திலிருந்து வரும் ஏதோ ஒன்று கட்டியை வளர்க்கிறது என்பது மட்டும் புலனாயிற்று.

ஆனால் ஒரு புதிர் எஞ்சியது. மாதவிடாய் நின்றபின் சூலகங்கள் ஓய்ந்துவிடுகின்றன. அதன் பிறகும் பல பெண்களுக்கு இந்நோய் வருவது ஏன்? முதுமையில் வரும் மார்பகப் புற்றுநோய் உடற்பருமனோடு தொடர்புடைய தனி வகை என 1964இல் நெதர்லாந்து ஆய்வாளர் டி வார்டு கருத்துரைத்தார். 1970களில் விடை தெளிந்தது. அட்ரீனல் சுரப்பியிலிருந்து வரும் ஆண் இயக்குநீர்களை, கொழுப்புத் திசுவில் உள்ள அரோமட்டேஸ் என்னும் நொதி ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. கொழுப்பு கூடினால் ஈஸ்ட்ரோஜனும் கூடும். கொழுப்பு வெறும் சேமிப்புக் கிடங்கு என்ற பழைய எண்ணம் இதனால் மாறியது. மிகுந்த இன்சுலின், கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின், அத்திசுவில் நீடிக்கும் அழற்சி ஆகியனவும் புற்றணுக்கள் பெருகத் துணைபுரிகின்றன எனப் பின்னர் அறியப்பட்டது. விழுந்த விதைக்கு எருவும் நீரும் கிடைப்பது போன்றது இது. மெலிந்தவருக்கு இந்நோய் வராது என்று இதற்குப் பொருளில்லை.

நோய் வந்தபின்னும் பருமனின் தாக்கம் தொடர்கிறது. 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை உள்ளடக்கிய 82 ஆய்வுகளின் தொகுப்பு 2014இல் வெளிவந்தது; நோய் கண்டபோது பருமனாக இருந்த பெண்களிடையே இறப்பு கூடுதல் என அது காட்டியது. இதில் மருத்துவர்களின் பங்கும் உண்டு. நஞ்சாகிவிடுமோ என்ற அச்சத்தால் பருமனானவர்களுக்கு வேதிமருந்தின் அளவைக் குறைத்துக் கொடுக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. உடல் எடைக்கேற்ற முழு அளவு தரவேண்டும் என்று அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் வழிகாட்டியது 2012இல்தான்.

தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் அடையாறு புற்றுநோய் நிலையம் 1954இல் தொடங்கப்பட்டது. டாக்டர் சாந்தா அங்கு தம் வாழ்நாளைச் செலவிட்டார். 1980களின் தொடக்கத்தில் சென்னையில் புற்றுநோய்ப் பதிவேடு தொடங்கியபோது பெண்களிடம் முதலிடத்தில் இருந்தது கருப்பை வாய்ப் புற்றுநோய். பின்னர் மார்பகப் புற்றுநோய் அதை முந்தியது. தாமதமான மகப்பேறு, குறைந்த குழந்தைகள் போன்ற காரணங்களோடு பருமனும் இதில் சேர்கிறது.

சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் நடந்த ஒரு பெரிய ஒப்பீட்டு ஆய்வு 2008இல் வெளியானது. 1,800க்கும் மேற்பட்ட நோயாளிகளை ஏறத்தாழ அதே எண்ணிக்கையிலான நோயற்ற பெண்களோடு அது ஒப்பிட்டது. நகர்ப்புறப் பெண்கள் கிராமத்துப் பெண்களைவிடப் பருமனாக இருந்தனர். இடுப்புச் சுற்றளவு 85 செ.மீ.க்கு மேற்பட்டவர்களுக்கு ஆபத்து கூடுதலாக இருந்தது.

அப்படியானால் இது நகரத்து நோய்தானா? பந்தல்குடி, அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் மானாவாரிக் கரிசல் பூமி. கம்பங்கூழும் சோளச்சோறும் குதிரைவாலியும் உண்டு, காட்டில் களையெடுத்து, குடத்தில் நீர் சுமந்த தலைமுறை இங்கு இருந்தது. இன்று நாளும் அரிசிச் சோறு. அம்மிக்கும் உரலுக்கும் பதில் மிக்சியும் கிரைண்டரும். உடலுழைப்புக் குறைந்ததை யாரும் குறை சொல்ல முடியாது. அந்த உழைப்பு பெண்களை வதைத்ததும் உண்மை. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் அதிக எடை அல்லது பருமன் உடையோர் 2015–16இல் 30.9 விழுக்காடு, 2019–21இல் 40.4 விழுக்காடு. இவ்வளவு விரைவான ஏற்றத்தை நகரங்களின் கணக்கில் மட்டும் எழுதிவிட இயலாது.

பெருத்த மார்பில் சிறு கட்டி கைக்கு எளிதில் தட்டுப்படாது. வலியும் இராது, வெட்கத்தால் வெளியே சொல்வதும் தள்ளிப்போகும். இவ்வட்டாரத்தார் பெரிய சிகிச்சைக்கு மதுரைக்குச் செல்வதே வழக்கமாக இருந்தது. விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது 2022 சனவரியில். 30 வயது கடந்த பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் மார்பகப் பரிசோதனை கட்டணமின்றிச் செய்யப்படுகிறது.