மிளகு போன பாதையில் ரெண்டு நாள்... முசிறிக்கு ஒரு பொறுப்பான டூர் போவோமா?

கொச்சி டிரிப் என்றாலே ஃபோர்ட் கொச்சி, சீன வலை, மெரைன் டிரைவ், மால்... நம்ம லிஸ்ட் அதோடு முடிந்துவிடும். அங்கிருந்து வடக்கே சுமார் ஒரு மணி நேரப் பயணத்தில் வடக்கு பரவூர் என்றொரு சின்ன ஊர் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள காயல்களும் தீவுகளும்தான் 2,000 வருடங்களுக்கு முன் ரோம் வரை பெயர் போன முசிறித் துறைமுகத்தின் வட்டாரம். சேர நாட்டு மிளகு கப்பலேறிய இடம்.

ஸ்கூல் புக்கில் ஒரு வரியில் கடந்துபோன பெயர்தான். ஆனால் சங்கப் பாடல்களைப் பிரித்தால் முசிறி வேற லெவல் ஊர். யவனர்கள் தங்கத்தோடு வந்து மிளகு ஏற்றிப்போன காட்சி அகநானூற்றில் இருக்கிறது. கப்பலில் வந்த பொன்னைத் தோணிகள் கரைக்குக் கொண்டுவந்ததாகப் புறநானூறு சொல்கிறது. இதே விஷயத்தை ரோமானிய எழுத்தாளர் பிளினி கொஞ்சம் அலுப்போடு எழுதிவைத்திருக்கிறார். கப்பல் நிற்கும் இடம் கரையிலிருந்து தூரம், சரக்கைச் சின்னப் படகுகளில்தான் ஏற்றி இறக்க வேண்டும், பக்கத்தில் கடற்கொள்ளையர் தொல்லை வேறு என்று புலம்பல். ஒரே துறைமுகத்துக்கு இங்கே பாட்டு, அங்கே நெகட்டிவ் ரிவ்யூ!

வியன்னாவில் உள்ள ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் கி.பி. 2-ம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு பாப்பிரஸ் ஏடு இருக்கிறது. முசிறி வணிகத்துக்காக வாங்கிய கடனுக்கான ஒப்பந்தம் அது. பின்பக்கத்தில் ‘ஹெர்மபொலோன்’ என்ற கப்பலில் போன தந்தம், துணி, நறுமணப் பொருள்களின் கணக்கு. இவ்வளவு பெரிய ஊர் எப்படிக் காணாமல்போனது? 1341-ல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் ஆற்றின் போக்கையே மாற்றியது, இந்தப் பக்கத் துறைமுகம் தூர்ந்தது, கொச்சி எழுந்தது என்று சொல்வது வழக்கம்.

பட்டணம்: பார்க்க ஒன்றும் இல்லாத அதிசயம்

பரவூருக்குப் பக்கத்தில் பட்டணம் என்று ஒரு கிராமம். மழை பெய்து ஓய்ந்தால் மண்ணிலிருந்து கண்ணாடி மணி, கல் மணி எல்லாம் வெளியே எட்டிப்பார்க்கும். பசங்க பொறுக்கி விளையாடுவார்கள். கேரள வரலாற்று ஆராய்ச்சிக் கழகம் 2007-ல் இங்கே அகழாய்வைத் தொடங்கியது. ஒயினும் ஆலிவ் எண்ணெயும் வந்த ரோமானிய ஆம்போரா ஜாடிகளின் உடைசல்கள், மிளகு, தமிழ் பிராமி எழுத்துள்ள பானை ஓடு, செங்கல் கட்டுமானம், சுமார் 6 மீட்டர் நீளமுள்ள ஒரே மரத்தில் குடைந்த தோணி, அதன் பக்கத்திலேயே படகு கட்டும் மரத்தூண்கள் என ஒவ்வொன்றாகக் கிடைத்தன. பட்டணம்தான் முசிறியா, இல்லை முசிறியின் ஒரு பகுதியா என்ற விவாதம் அறிஞர்களிடையே இன்னும் ஓயவில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு ஹம்பி மாதிரி ஏதோ இருக்கும் என்று ஓடினால் ஏமாந்துபோவீர்கள். தென்னந்தோப்பு, வீடுகள், கிணறுகள், துணி காயும் கொடிகள். அவ்வளவுதான். மொத்தப் பரப்பில் ஒரு சதவிகிதம்கூட இன்னும் தோண்டப்படவில்லை. சிக்கலும் அங்கேதான். மேலே ஜனங்கள் குடியிருக்கிறார்கள். புதுசாக ஒரு கிணறு வெட்டினாலும், செப்டிக் டேங்குக்குக் குழி எடுத்தாலும், கீழே இருக்கும் 2,000 வருட அடுக்கு கலைந்துவிடும். அதற்காக அவர்களைக் கிளப்பிவிட்டால் அது ஊரே இல்லை, வேலி போட்ட மைதானம். இந்த ஊர்க்காரர்களுக்கு டூரிஸத்தால் நாலு காசு கிடைக்கும்போதுதான், மண்ணுக்கடியில் இருப்பது தொல்லையாக இல்லாமல் சொத்தாகத் தெரியும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. ‘பழைய காசு இருக்கு, மணி இருக்கு’ என்று யாராவது காட்டினால் வாங்காதீர்கள். தொல்பொருள்களை உரிமம் இல்லாமல் விற்பது 1972-ம் வருடச் சட்டப்படி குற்றம். நீங்கள் கொடுக்கும் 500 ரூபாய், இன்னொரு இடத்தில் திருட்டுத்தனமாகக் குழி தோண்டுவதற்கான அட்வான்ஸ்.

படகில் ஏறுங்க பாஸ்!

கேரள அரசின் முசிறிஸ் பாரம்பர்யத் திட்டம், இந்த வட்டாரத்தின் பழைய கட்டடங்களைப் பழுதுபார்த்துச் சின்னச் சின்ன அருங்காட்சியகங்களாக மாற்றியிருக்கிறது. அவற்றை இணைப்பது படகுகள். ஒரு துறையில் இறங்கிப் பார்த்துவிட்டு, அடுத்த படகில் ஏறி அடுத்த இடம் போகலாம். காரில் சுற்றுவதைவிட இதுதான் பெஸ்ட் என்பேன். இந்த ஊர்களெல்லாம் தண்ணீரைப் பார்த்துக் கட்டப்பட்டவை. ரோட்டிலிருந்து பார்த்தால் அவற்றின் முதுகுதான் தெரியும். சந்துகளில் டூரிஸ்ட் பஸ் நுழையும் அவஸ்தையும் மிச்சம்.

பரவூரிலும் சேந்தமங்கலத்திலும் யூதர்களின் ஜெப ஆலயங்கள் இருக்கின்றன. 1950-களில் பெரும்பாலான யூதர்கள் இஸ்ரேலுக்குக் குடிபெயர, வழிபாடு நின்று பாழடைந்து கிடந்தவை இவை. இப்போது அவர்களின் கதையைச் சொல்லும் அருங்காட்சியகங்கள். சேந்தமங்கலத்தில் சாரா என்ற பெண்ணின் கல்லறைக் கல் ஒன்று வாசலிலேயே நிற்கிறது. 1269-ம் வருடத்தைச் சேர்ந்த ஹீப்ரு எழுத்து. பலரும் கவனிக்காமல் உள்ளே போய்விடுகிறார்கள். ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். இதே ஊரில் கோயில், மசூதி, சர்ச், ஜெப ஆலயம் நான்கும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. கொச்சி ராஜாக்களின் பிரதான அமைச்சர்களாக இருந்த பாலியத்து அச்சன்களின் மாளிகையும் இங்கேதான்.

காயலைத் தாண்டினால் கொடுங்கல்லூர். இந்தியாவின் முதல் மசூதி என்று சொல்லப்படும் சேரமான் ஜும்ஆ மசூதி இங்கே இருக்கிறது. கி.பி. 629 என்பது வழிவழியாகச் சொல்லும் கணக்கு. வரலாற்றாளர்கள் எல்லோரும் ஏற்பதில்லை. கண்ணகியோடு சேர்த்துச் சொல்லப்படும் பகவதி கோயிலும் இந்த ஊரில்தான். இரண்டுமே வழிபாட்டு இடங்கள், ரீல்ஸ் லொக்கேஷன் இல்லை. உடை, கேமரா விஷயத்தில் வாசலில் கேட்டுவிட்டு உள்ளே போங்கள்.

சேறு படிந்த புடவையும் சேக்குட்டியும்

இந்த டூரில் மிஸ் பண்ணவே கூடாதது ஒரு கட்டடம் இல்லை, சேந்தமங்கலத்தின் தறிச் சத்தம். ஓரத்தில் மெல்லிய கறுப்புக் கோடு ஓடும் ‘புளியிலக்கர’ முண்டு இந்த ஊரின் அடையாளம். சேந்தமங்கலம் கைத்தறிக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது.

2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் பெரியாறு ஊருக்குள் புகுந்தது. ஓணம் சேலுக்காக நெய்து அடுக்கிவைத்திருந்த துணி மொத்தமும் சேற்றில் ஊறியது, தறிகள் மூழ்கின. வருஷத்தின் பெரிய வியாபாரமே ஓணம்தான் என்பதால் நெசவாளர்களுக்கு அது மரண அடி. கறை போகாத துணியை எரித்துவிடலாம் என்ற நிலையில், லட்சுமி மேனன், கோபிநாத் பாறயில் என்ற இரண்டு பேர் வேறொரு யோசனையோடு வந்தார்கள். துணியைக் கிருமி நீக்கி, வெட்டி, கறையோடு அப்படியே குட்டிக் குட்டி பொம்மைகளாகக் கட்டினால் என்ன? பெயர் ‘சேக்குட்டி’. ஆயிரத்துச் சொச்சத்துக்கு விற்றிருக்க வேண்டிய ஒரு புடவையிலிருந்து சுமார் 360 பொம்மைகள். ஒன்று 25 ரூபாய். கணக்குப் போட்டால் 9,000 ரூபாய்! ஊர் ஊராகத் தன்னார்வலர்கள் உட்கார்ந்து பொம்மை கட்டித் தர, அந்தப் பணம் தறிகளைத் திரும்ப ஓடவைக்க உதவியது.

வெள்ளத்தைச் சமாளித்துவிட்டார்கள். விசைத்தறியில் நெய்து ‘கேரளா ஹேண்ட்லூம்’ என்று விற்கும் போலியைச் சமாளிப்பதுதான் கஷ்டம். எனவே முண்டோ புடவையோ, ஹைவே கடைகளில் பேரம் பேசி வாங்காமல் நெசவாளர் கூட்டுறவுச் சங்கக் கடையில் வாங்குங்கள். விலை கூடத்தான் இருக்கும். ஒரு முண்டுக்குப் பின்னால் ஒருத்தர் தறியில் உட்கார்ந்த நேரம் இருக்கிறது.

தங்குவதற்கும் இதே லாஜிக்தான். கேரளா 2008-ல் குமரகத்தில் ‘பொறுப்புச் சுற்றுலா’வை ஆரம்பித்தபோது செய்த முதல் வேலைகளில் ஒன்று, அங்குள்ள ஹோட்டல்களை உள்ளூர்க் குடும்பஸ்ரீ பெண்களிடம் காய்கறி வாங்கவைத்தது. 2017-ல் அது மாநிலம் முழுக்க ஒரு மிஷன் ஆனது. கொச்சியில் ரூம் போட்டுப் பகலில் மட்டும் எட்டிப்பார்ப்பதைவிட, பரவூர்ப் பக்கம் ஹோம்ஸ்டேயில் ஒரு ராத்திரி தங்கினால் காசு அந்த ஊரிலேயே நிற்கும். கரிமீனும் ஃப்ரெஷ்ஷாகக் கிடைக்கும்.

நம்ம பக்கம் என்ன இருக்கு?

முசிறிக்குப் போன பாதையின் மறுமுனை கொங்கு நாடு. கரூர், நொய்யல் கரையிலுள்ள கொடுமணல், வெள்ளலூர், பாலக்காட்டுக் கணவாய் எனப் போகும் வழி. கொடுமணலில் மணிக்கல் பட்டை தீட்டிய தடயங்களும், இரும்பு உருக்கிய தடயங்களும், எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் அகழாய்வில் கிடைத்தன. வெள்ளலூரில் ரோமானிய வெள்ளிக் காசுகள் குவியலாகவே கிடைத்திருக்கின்றன. ஆனால் ஆய்வு முடிந்ததும் குழிகளை மூடிவிடுவதால் நேரில் போகிறவர்கள் பார்ப்பது வயலும் கரையும்தான். கேரளா ஒரு காயல் வட்டாரத்தையே சுற்றுலாவாகக் கோத்ததுபோல, நொய்யல் கரையையும் கோக்கலாம். கீழடிக்குக் கூடும் கூட்டத்தைப் பார்த்தால், ஆள் வராது என்று யாரும் சொல்ல முடியாது.

கிளம்புபவர்களுக்கு: ஈரோட்டில் ரயிலேறி திருப்பூர், கோவை, பாலக்காடு, திருச்சூர் வழியாக ஆலுவாவில் இறங்குங்கள். கிட்டத்தட்ட அந்தப் பழைய வணிக வழியேதான். ஆலுவாவிலிருந்து பரவூருக்கு பஸ் உண்டு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை வெளுத்து வாங்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல நேரம். அருங்காட்சியகங்களுக்குத் திங்கட்கிழமை விடுமுறை இருக்கலாம் என்பதால் சனி, ஞாயிறாகத் திட்டமிடுங்கள். படகு நேரத்தை முதல் நாளே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.