கூலியும் தண்ணீரும்

தோழர்களே, தீண்டாமை என்பது என்னவென்று அயல்நாட்டவருக்குப் புரியவைக்க அண்ணல் அம்பேத்கர் தன் வாழ்வில் நடந்ததையே எழுதினார். கதை எழுத வருகிறவர்களுக்கு அதுவே முதல் பாடம்.

1901. தந்தையைப் பார்க்கக் கிளம்பிய சிறுவர்கள் மசூர் ரயில் நிலையத்தில் இறங்குகிறார்கள். நல்ல உடையைப் பார்த்துப் பார்ப்பனப் பிள்ளைகள் என்று நினைத்த நிலைய அதிகாரி, மகர்கள் என்றதும் பின்வாங்குகிறார். இரட்டைக் கூலி தந்தும் மாட்டுவண்டியைச் சிறுவர்களே ஓட்ட வேண்டும். வண்டிக்காரர் கூடவே நடந்து வருகிறார். கையில் சாப்பாடு இருக்கிறது, குடிக்கத் தண்ணீர் இல்லை. பசியோடு படுக்கிறார்கள்.

‘கொடுமை’ என்று நாம் எழுதும் இடத்தில் அவர் கூலியையும் தண்ணீரையும் எழுதினார். ஆவணக் காப்பகத்தில் கிடைக்காத வரலாறு இது. உங்கள் தெருவில் நடந்ததை அப்படியே எழுதுங்கள். கோபம் வாசகருக்குத் தானே வரும்.