வெந்நீரை விளாவும் பொறுப்பு: ரமணாசிரமப் பகுதியில் குளியலறையின் வரலாறு

திருவண்ணாமலையில் செங்கம் சாலையை ஒட்டி, மலையின் தென் அடிவாரத்தில் இன்று ரமண நகர் என வழங்கும் குடியிருப்பு, ஒரு சமாதியைச் சுற்றி எழுந்ததாகும். 1896 செப்டம்பர் 1 அன்று ஊர் வந்து சேர்ந்த ரமண மகரிஷி, மலைமேலுள்ள விருபாட்ச குகையிலும் பின்னர் ஸ்கந்தாசிரமத்திலும் வாழ்ந்தார்; 1922 மே மாதம் அவருடைய தாயார் அழகம்மாள் மறைந்து அடிவாரத்தில் அடக்கம் செய்யப்பட்டபின், அவ்வாண்டின் இறுதியில் தாமும் அங்கே இறங்கி வந்து தங்கினார்; அவ்விடமே ரமணாசிரமம் ஆயிற்று. அடுத்திருந்த பலாக்கொத்துத் தோப்பில் அடியவர்கள் குடிசை கட்டிக்கொண்டனர். ஆங்கில எழுத்தாளர் பால் பிரண்டன், ரமணரைப் பற்றிக் கூறும் தமது பயண நூலை 1934-இல் வெளியிட்டபின் மேலைநாட்டவரும் மிகுதியாக வரத் தொடங்கினர். அவர்களில் பலருக்கும் பாலி தீர்த்தம் என்னும் குளமும் கிணறுகளுமே குளியலிடமாக இருந்தன என்பதால், வெந்நீர் என்பது நோயாளிக்கும் முதியவருக்கும் எண்ணெய் முழுக்குக்கும் உரியதாகவே இருந்தது.

இல்லறத்தார் வீடுகளில் வெந்நீருக்கெனத் தனி அடுப்பு இருந்தது. கொல்லைப்புறத்தில் புகையேறிக் கறுத்த தவலையிலோ அண்டாவிலோ நீரைக் கொதிக்கவைத்து, வாளிக்கு மாற்றி, தண்ணீர் சேர்த்து, விரலை விட்டுப் பதம் பார்ப்பர். இதற்கு விளாவுதல் என்று பெயர். குழந்தைக்கு ஒரு பதம், பிள்ளை பெற்றவளுக்கு ஒரு பதம் என்று அறிந்து விளாவியவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பெண்களே ஆவர். நீர் எவ்வளவு கொதித்தாலும் உடம்பில் படுவதற்கு முன் ஒரு கை அதைச் சோதித்துவிடும் என்பதே அம்முறையின் காவல்.

வசதி படைத்த வீடுகளுக்கு வந்த செம்புப் பாய்லர் இக்காவலைக் குலைக்கவில்லை. அதன் நடுவே மேலிருந்து கீழாகச் செல்லும் குழலில் கரியும் கொட்டாங்கச்சியும் எரிய, குழலைச் சுற்றியுள்ள நீர் சூடேறும். மேலே உள்ள புனலில் ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றினால், பக்கத்து மூக்கின் வழியே அதே அளவு வெந்நீர் வெளியேறும். எடுத்த அளவுக்கு ஊற்றியாக வேண்டும் என்பதால் கலம் ஒருபோதும் வற்றாது. வாய் திறந்திருப்பதால் நீராவி உள்ளே அடைபடாது. தெர்மோஸ்டாட், அதாவது குறித்த வெப்பம் வந்ததும் மின்சாரத்தைத் தானே நிறுத்தும் விசை, அதற்குத் தேவைப்படவேயில்லை. தீபாவளிக்கு முந்தைய நாள் இப்பாய்லரைப் புளியிட்டுத் தேய்த்து, மஞ்சள் குங்குமம் இட்டு நீர் நிரப்பிவைத்த வீடுகள் பல.

பைக்காரா நீர்மின் நிலையம் 1932-லும் மேட்டூர் நிலையம் 1937-லும் இயங்கத் தொடங்கின. 1957-இல் சென்னை மாநில மின்வாரியம் அமைந்தபின் மின்சாரம் ஊர்கள்தோறும் பரவிற்று. வாளிக்குள் தொங்கவிடும் மின்கம்பியான இம்மர்ஷன் ராடு முதலில் வந்தது. பிறகு சுவரில் மாட்டும் கீசர் வந்தது. ரமணாசிரமப் பகுதியில் கார்த்திகை தீபம் தொடங்கிப் பனிக்காலம் முழுவதும் தங்கும் வெளியூராரும் வெளிநாட்டவரும் பெருகப் பெருக, ஷவருடன் கூடிய கீசர் இல்லாத அறைக்கு வாடகை வராது என்ற நிலை உருவாயிற்று. அடுப்பும் பாய்லரும் போயின. அவற்றோடு விளாவும் கையும் போயிற்று.

இவ்விழப்பின் அளவை ஒரு கணக்கு காட்டும். இந்திய வீடுகளின் பெரிய பிளக் 16 ஆம்பியர் தாங்கும். 230 வோல்ட்டில் அது சுமார் 3,700 வாட் ஆகும் என்பதால், ஓடும் நீரையே சூடாக்கும் உடனடி கீசர்கள் பெரும்பாலும் 3,000 வாட் அளவில் செய்யப்படுகின்றன. நிமிடத்துக்கு 2 லிட்டர் ஓடினால் அவ்வாற்றல் நீரின் வெப்பத்தை ஏறத்தாழ 21 டிகிரி செல்சியஸ் உயர்த்தும். 1 லிட்டர் மட்டும் ஓடினாலோ உயர்வு 43 டிகிரி. மார்கழியில் 24 டிகிரியில் வரும் நீர் முதல் நிலையில் 45-இல் நிற்க, இரண்டாம் நிலையில் 67-ஐ எட்டிவிடும். 60 டிகிரி நீர் ஐந்தாறு நொடிகளில் தோலைப் புண்ணாக்கும். 50 டிகிரிக்குச் சில நிமிடங்கள் ஆகும். கோடையிலோ மொட்டைமாடியில் வெயில் காயும் கறுப்பு சின்டெக்ஸ் தொட்டி 40 டிகிரி நீரையே கீழே அனுப்புவதால், கீசரைப் போடாமல் இருப்பதே அறிவுடைமை.

ஓட்டம் ஏன் குறைகிறது என்பதற்கு விடை நிலத்தில் உள்ளது. இது கடும்பாறை நிலம்; பாறை வெடிப்புகளில் ஊறி ஆழ்துளைக் கிணற்றில் ஏறும் நீர் சுண்ணாம்பு உப்பைச் சுமந்து வருகிறது. சூடு பட்டதும் அவ்வுப்பு பிரிந்து, கீசரின் உள்ளே மின்கம்பிச் சுருள் மீதும் ஷவரின் துளைகளிலும் வெள்ளைப் பொருக்காகப் படிகிறது. துளை அடைபட அடைபட ஓட்டம் மெலிய, ஓட்டம் மெலிய மெலிய நீர் கொதிக்கிறது. பழுது கீசரில் என்று எண்ணி அதை மாற்றும் வீட்டார், ஐம்பது ரூபாய் வினிகரில் தீர்ந்திருக்கக்கூடிய குறைக்குப் பல ஆயிரம் செலவிடுகின்றனர். மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஷவர் தலையைத் திருகிக் கழற்றி, இரவு முழுவதும் வினிகரில் ஊறவைத்து, மறுநாள் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் பொருக்கு உதிர்ந்துவிடும். கீசருக்கு உள்ளே படிந்ததைக் கழற்றி எடுப்பது மின்பணியாளரின் வேலை. குழாயைச் சற்று மூடினால் சூடு கூடும் என்பதைக் கண்டுகொண்ட விருந்தினர் ஓட்டத்தைத் தாமே குறைப்பதும் உண்டு.

துளைகள் சுத்தமாக இருந்தும் நீர் கொதித்தால் தெர்மோஸ்டாட்டை ஐயுற வேண்டும். வெவ்வேறு அளவில் விரியும் இரண்டு உலோகத் தகடுகளை ஒட்டிச் செய்த பட்டை, சூட்டில் வளைந்து மின்தொடர்பைத் துண்டிப்பதே அதன் ஒரு வகை. தொடர்பு முனைகள் தீப்பொறியால் உருகி ஒட்டிக்கொண்டால் மின்சாரம் நிற்காது. அப்போது காப்பதற்கென்றே கட்-அவுட் என்னும் இரண்டாவது துண்டிப்பான் உள்ளது. மூடிய தொட்டியுடைய கீசரில், அழுத்தம் மிகுந்தால் நீரை வெளியேற்றும் வால்வும் உண்டு. பாய்லரின் திறந்த வாய் செய்த பணியை அது செய்கிறது. 2003-ஆம் ஆண்டின் தரக்கட்டுப்பாட்டு ஆணை தொட்டி வகை கீசர்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கியது இக்காவல்களை உறுதிப்படுத்தும். ஆனால் வாடகை அறைகளில் கட்-அவுட் அடிக்கடி விழுகிறது என்று அதன் இரு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிடும் பழக்கம் அம்முத்திரையைப் பயனற்றதாக்குகிறது. சில நூறு ரூபாய் விலையுள்ள அவ்வுறுப்பை மாற்றாமல் அப்படி இணைப்பது, குளிப்பவரின் உயிருக்கே உலை வைப்பதாகும். அது விழுவதற்கான காரணத்தைக் கண்டு நீக்கும்வரை அந்தக் கீசரின் பிளக்கைப் பிடுங்கிவைத்து, விருந்தினருக்கு அடுப்பு வெந்நீரை வாளியில் கொடுப்பதே வீட்டாரின் கடமை.