சத்தமில்லாமல் மூழ்குதல்: பொது நீச்சல் குளங்களில் உயிர்காப்பு முறை மாறிய வரலாறு

தண்ணீரில் தத்தளிப்பவர் கையைக் காலை அடித்துக்கொண்டு ‘காப்பாற்றுங்கள்’ என்று கூவுவார் என்பதே நம் மனத்தில் பதிந்திருக்கும் காட்சி. சினிமாவும் அதைத்தான் திரும்பத் திரும்பக் காட்டியது. பொதுக் குளங்களில் காவலுக்கு ஆள் வைத்தவர்களும் நெடுங்காலம் அதையே நம்பினார்கள். அந்த நம்பிக்கை உடைந்த விதத்தையும், அதன்பின் குளக்கரை விதிகள் மாறியதையும் பிரிட்டன், அமெரிக்க அனுபவங்களை வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

தொடக்கத்தில் அக்கறை முழுவதும் கரைசேர்த்த உடலின் மீதுதான் இருந்தது. மூழ்கியவர்களை மீட்கவென்றே 1767இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு சங்கம் தோன்றியது. அதைப் பின்பற்றி 1774இல் வில்லியம் ஹாஸ், தாமஸ் கோகன் என்ற மருத்துவர்கள் லண்டனில் நிறுவிய சங்கமே பின்னாளில் ராயல் ஹியூமேன் சொசைட்டி ஆயிற்று. மீட்க முயன்றவர்களுக்கு அது சன்மானம் கொடுத்தது. அன்றைய சிகிச்சையில் துருத்தியால் நுரையீரலுக்குள் காற்றூதுவதும் உண்டு. ஆசனவாய் வழியே புகையிலைப் புகை செலுத்துவதும் உண்டு. 1858இல் சில்வெஸ்டர் முறை வந்தது: மல்லாக்கப் படுக்கவைத்துக் கைகளைத் தலைக்கு மேல் தூக்கி, பிறகு மார்போடு சேர்த்து அழுத்துவது. 1903இல் ஷேஃபர் என்பவர் குப்புறப் படுக்கவைத்து முதுகை அழுத்தச் சொன்னார். வாயோடு வாய் வைத்து ஊதுவதே மேலானது என்று ஜேம்ஸ் ஈலமும் பீட்டர் சஃபாரும் நிறுவ 1950களின் இறுதி ஆகிவிட்டது. மார்பை அழுத்தி இதயத்தை இயக்கும் முறையை 1960இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அறிவித்தார்கள்.

இதற்கிடையில் குளங்கள் பெருகின. 1846இல் பிரிட்டன் இயற்றிய சட்டம், பொதுக் குளியலிடங்களையும் சலவையிடங்களையும் கட்ட உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் தந்தது. உழைப்பாளிகள் அழுக்குப் போகக் குளிக்க வேண்டும் என்பதே அப்போதைய நோக்கம்; நீச்சல் பிறகுதான் முக்கியமாயிற்று. 1891இல் வில்லியம் ஹென்றி முதலானோர் தொடங்கிய உயிர்காப்புச் சங்கம், மூழ்குபவர் கழுத்தைக் கட்டிக்கொண்டால் பிடியை விடுவிப்பது எப்படி, அவரை இழுத்து வருவது எப்படி என்று வரிசையில் நிறுத்திப் பயிற்சி கொடுத்தது. அமெரிக்காவில் 1914இல் வில்பர்ட் லாங்ஃபெலோ செஞ்சிலுவைச் சங்கத்தின் மூலம் இதே பணியைத் தொடங்கினார். பெரிய தொண்டுதான். ஆனால் ஆபத்து தன்னை அறிவித்துக்கொள்ளும், அதன்பின் வீரன் குதிப்பான் என்ற எண்ணமே இவற்றின் அடியில் இருந்தது.

அதை உடைத்தவர் பேராசிரியர் அல்ல, உயிர்காப்பாளர். நியூயார்க் பிராங்க்ஸில் உள்ள ஆர்ச்சர்ட் கடற்கரையில் பணியாற்றிய ஃபிராங்க் பியா, உண்மையில் மூழ்குபவர்களையும் அவர்களை மீட்பதையும் படம்பிடித்து, காட்சிகளை ஆராய்ந்து 1970களில் தம் முடிவுகளை வெளியிட்டார். அவர் கண்டது இது: நீந்தத் தெரியாதவர் மூழ்கும்போது உடல் செங்குத்தாக நிற்கிறது. வாய் நீருக்கு மேலே வருவதும் உள்ளே போவதுமாக இருக்கிறது. மேலே வரும் அந்தக் கணத்தில் மூச்சை விட்டு இழுக்கவே நேரம் போதாது, கூவ முடியாது. கைகள் பக்கவாட்டில் விரிந்து நீரைக் கீழே அழுத்துகின்றன. அசைத்து யாரையும் அழைக்க முடியாது. இந்தப் போராட்டம் 20 முதல் 60 விநாடிகளே நீடிக்கும்; பிறகு அவர் அமிழ்ந்துவிடுவார். பக்கத்தில் நிற்பவருக்கு அது விளையாட்டாகவே தெரியும். கடற்கரையில் கண்ட இந்த உண்மை, கூச்சலும் கும்மாளமும் நிறைந்த குளத்துக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தியது.

உயிர்காப்பாளர் இருந்தும் உயிர் போவதற்குப் பியா 1984இல் மூன்று காரணங்கள் கூறினார்: அறிகுறியைக் கண்டுகொள்ளாமை, வேறு வேலை குறுக்கிடுதல், கவனச் சிதறல். இரண்டாவது காரணம் நிர்வாகத்தின் குற்றம் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். கரையைக் கழுவவும் நாற்காலிகளை அடுக்கவும் உயிர்காப்பாளரை அனுப்பிய நேரத்தில் குளத்துக்குக் காவல் இல்லை. பார்ப்பதே வேலை என்ற கருத்து இதன்பின் வலுப்பெற்றது. ஆபத்தை 10 விநாடிக்குள் கண்டறிந்து அடுத்த 20 விநாடிக்குள் ஆளை அடைய வேண்டும் என்ற அளவுகோலை எல்லிஸ் என்ற உயிர்காப்புப் பயிற்சி நிறுவனம் அமெரிக்கக் குளங்களில் பரப்பியது. பிரிட்டனிலோ, பணியிடப் பாதுகாப்புக்கான 1974ஆம் ஆண்டுச் சட்டம், வந்துபோகும் பொதுமக்களின் பாதுகாப்புக்கும் நடத்துபவரையே பொறுப்பாளியாக்கியது.

குளக்கரைப் பலகையில் எழுதியுள்ள விதிகளுக்குப் பின்னாலும் மரணங்கள் இருக்கின்றன. மூச்சடக்கிப் போட்டி வைக்கக் கூடாது என்பது வேண்டாத கண்டிப்பாகத் தோன்றலாம். வேகவேகமாக மூச்சு வாங்கிவிட்டு மூழ்கினால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, மூச்சுவிடும் உந்துதல் வருமுன்பே நினைவு தப்பும் என்பதை ஆல்பர்ட் கிரெய்க் என்ற ஆய்வாளர் 1961இலேயே விளக்கிவிட்டார். நன்றாக நீந்துபவர்களே இதற்குப் பலியாகிறார்கள். குளத்தின் அமைப்பை மாற்றிய விதிக்கும் ஒரு மரணமே காரணம். 2002இல் அமெரிக்காவில் 7 வயதுச் சிறுமி ஒருத்தி வெந்நீர்த் தொட்டியின் அடியில் இருந்த வடிகால் உறிஞ்சியதில் சிக்கினாள். தாயால் இழுக்க முடியவில்லை; இரண்டு பேர் சேர்ந்து இழுத்தபோது மூடியே உடைந்தது. பிள்ளை பிழைக்கவில்லை. வர்ஜீனியா கிரேம் பேக்கர் என்ற அவள் பெயரிலேயே 2007 டிசம்பரில் சட்டம் வந்தது. உடல் ஒட்டிக்கொள்ளாத வடிகால் மூடி பொதுக் குளங்களுக்குக் கட்டாயமாயிற்று.

இதை வாசிக்கும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் குடியிருப்புக் குளத்தில் உயிர்காப்பாளர் உண்டா, உண்டென்றால் அவருக்கு வேறு வேலை கொடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். தண்ணீரில் இருக்கும் பிள்ளை சட்டென்று பேச்சடங்கினால், கூப்பிடட்டும் என்று காத்திருக்காமல் உடனே போய்ப் பாருங்கள்.